மின்சாரப் பிரஷர் குக்கர் வாங்கலாமா?

“அத்தை, நாம ஒரு எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கிரலாமா?”

சித்திரைத் திருவிழா முடிந்து, வந்த விருந்தாளிகள் எல்லாம் ஊர் திரும்பி, வீடு கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ராத்திரி. பாத்திரங்களை ஒழித்துப் போட்டபடியே மருமகள் இப்படிக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஏற்கெனவே மூன்று குக்கர் இருக்கிறது. அதில் ஒன்று என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது. கைப்பிடி மாற்றி, வெயிட் மாற்றி, கேஸ்கெட் எத்தனை மாற்றினேனோ கணக்கே இல்லை, இன்னும் உழைக்கிறது.

“இருக்கிறது பத்தாதாம்மா? என்ன விலை இருக்கும் அது?”

“நல்லதா எடுத்தா அஞ்சாயிரத்துக்கு மேல வரும் அத்தை.”

அந்த மாதம்தான் எனக்குச் சீட்டுப் பணம் வர இருந்தது. ஏழு மாதப் பேத்திக்குக் காது குத்த வேண்டும், தோடு எடுக்க வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதில் கை வைப்பதாவது! ஆனாலும், பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு காலை எட்டரைக்கு வேலைக்கு ஓடுகிற பெண் கேட்கிறாளே என்றும் இருந்தது. “முதல்ல எங்கிட்டாவது வாங்கி வச்சுப் பார்ப்போம், அப்புறம் பேசுவோம்” என்று சொல்லி வைத்தேன்.

திருமங்கலத்தில் என் மதினி வீட்டில் ஒன்று இருந்தது. புதுவீட்டு விசேஷத்துக்கு யாரோ வைத்தது, பிரிக்காமல் பரணில் ஏறிக் கிடந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பத்து நாள் அதில் சமைத்து, ஒரு நோட்டில் குறித்தும் வைத்தேன். அந்த நோட்டில் இருப்பதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஆவியை மூடி வைத்துச் சமைக்கும் யுக்தி 1679-லேயே வந்துவிட்டது. டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. நம் நாட்டில் பிரஸ்டீஜும் ஹாக்கின்ஸும் குக்கர் செய்யத் தொடங்கியது 1959-ல். முதலில் பயந்துகொண்டு வாங்கிய நம் அம்மாக்கள், பிறகு அது இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்! மின்சாரக் குக்கர் வந்த கதையும் அப்படித்தான். கனடாவில் 2010-ல் வெளிவந்த இன்ஸ்டன்ட் பாட் பெயர் வாங்கியது. பிறகு நம் ஊர்க் கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்தன.

சரி, நோட்டுக்கு வருவோம். முதல் நாளே எனக்கு ஏமாற்றம். ஒரு டம்ளர் துவரம் பருப்பு. அட்டையில் எட்டு நிமிஷம் என்று போட்டிருந்தது. பொத்தானை அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரஷர் ஏறவே பதினோரு நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த எட்டு நிமிஷக் கணக்கே தொடங்குகிறது. முடிந்ததும் மூடி திறக்க வருமா? வராது. ஆவி தானாக அடங்க இன்னும் பதினாறு நிமிஷம். ஆக முப்பத்தைந்து நிமிஷம்! என் பழைய குக்கர் நாலு விசில் வைத்து, அடங்கித் திறக்க இருபத்திரண்டு நிமிஷம்தான்.

ஏன் இப்படி? அடுப்புக் குக்கரின் வெயிட் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தில்தான் தூக்கும். உள்ளே 120 டிகிரிச் சூடு. மின்சாரக் குக்கர்கள் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் நிற்பவை. 115, 117 டிகிரிதான். மேலும் அதன் வயிற்றைச் சுற்றி இன்னொரு உறை இருப்பதால் சீக்கிரம் ஆறாது. சின்னக் குக்கரைக் குழாயடியில் காட்டி ஆற்றுகிறோமே, அந்தப் பழக்கத்தை இதில் அடியோடு மறக்க வேண்டும். அடியில் கரண்ட் கம்பி இருக்கிறது! பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: உள்பாத்திரமும் மூடியும் மட்டும்தான் கழுவ வேண்டும், மற்றதை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஆகவே, “சீக்கிரம் ஆகும்” என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பச்சரிசிச் சோற்றுக்கும் பருப்புக்கும் நம் பழைய குக்கரே வேகம்.

காசு மிச்சமாகுமா என்றும் கணக்குப் பார்த்தேன். ஆயிரம் வாட் குக்கர் பிரஷர் ஏறும்வரை தொடர்ந்து எரிகிறது, பிறகு விட்டுவிட்டு எரிகிறது. ஒரு தடவைக்கு 0.4 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு தடவை, இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். 2016-ல் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்ததே, அந்த நூறில் ஏறக்குறையப் பாதி! இதே சமையலுக்கு கேஸ் நாலு, நாலரைக் கிலோ ஆகும். யூனிட் ஐந்து ரூபாய் என்றும், 14.2 கிலோ சிலிண்டர் தொள்ளாயிரம் ரூபாய் என்றும் வைத்துப் பார்த்தால், இது 240 ரூபாய், அது 280 ரூபாய். இரண்டு மாதத்துக்கு நாற்பது ரூபாய் மிச்சம். அதை வைத்து ஐந்தாயிரத்தை எடுக்க நம் பேத்திக்கே கல்யாணமாகிவிடும்! உங்கள் வீட்டு விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். முக்கியமாக ஈ.பி. அட்டையைப் பாருங்கள். ஏ.சி. ஓடுகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், இந்த 48 மேல்படிக்குத் தள்ளிவிடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, ஐந்நூறைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கான சலுகையும் குறைந்துவிடும்.

நேரமும் மிச்சமில்லை, காசும் மிச்சமில்லை. அப்படியானால் வேண்டாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன், எட்டாவது நாள் வரைக்கும்.

எட்டாவது நாள் ஆட்டுக்கால் வைத்தேன். சுட்டுக் கழுவி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, நாற்பத்தைந்து நிமிஷத்துக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, பேத்திக்குத் தலைக்கு ஊற்றப் போனேன். குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூங்க வைத்து, நானும் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து வந்தால் எலும்பிலிருந்து சதை கழன்று நிற்கிறது, சூப்பு சூடாக இருக்கிறது! யாரும் அடுப்படியில் நிற்கவில்லை, யாரும் விசில் எண்ணவில்லை.

அன்று சாயங்காலம் மருமகளிடம் சொன்னபோதுதான் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். “அத்தை, தப்பா எடுத்துக்கிடாதீங்க. மாசி மாசம் பருப்பு கருகிப் போச்சே, ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லாமல் என்ன! தண்ணீர் வற்றி, சேஃப்டி வால்வு உருகி, வீடெல்லாம் புகை. குழந்தை அழுத சத்தத்தில் விசில் கேட்கவில்லை என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்குப் பதினைஞ்சு விசிலுக்கு மேல வந்துச்சாம் அத்தை. எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்குக் கேட்டிருக்கு. உங்களுக்குக் கேக்கலை. அதை எப்படிச் சொல்றதுன்னுதான் குக்கர் வாங்கலாம்னு கேட்டேன்.”

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கோபமா, வெட்கமா, இன்ன தென்று தெரியவில்லை. உண்மைதான். டி.வி. சத்தத்தை வீட்டில் எல்லோரும் குறைக்கச் சொல்வதும், நான் கூட்டுவதுமாக எத்தனை மாதமாக நடக்கிறது! நம் சமையல் முழுக்கக் காதை நம்பித்தானே நடக்கிறது? “மூணு விசில் வந்ததும் அணைச்சிரு” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள்தானே நாம்? கேட்காத காதோடு கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அடுப்பை எரிய விடுவது விளையாட்டு இல்லை. மறுவாரமே காது டாக்டரிடம் போனேன். வயதானவர்கள் வீட்டில் இருக்கும் சகோதரிகள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

குக்கருக்குத் திரும்புவோம். வாங்குவதா என்பதை உங்கள் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். காது நன்றாகக் கேட்கிற ஒருவர் சமையல்கட்டிலேயே இருக்கிற வீட்டுக்கு இது அநாவசியம். பிரசவமாகி வந்தவள், கைக்குழந்தைக்காரி, முட்டிவலிக்காரர், மறதி வந்த பெரியவர் இருக்கிற வீட்டுக்கு இது உதவி.

ஆனால் கிராமத்துப் பக்கம் இருப்பவர்கள் ஒன்று யோசிக்க வேண்டும். மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால், ஆயிரம் வாட் குக்கர் அறுநூறு வாட் குக்கராகிவிடும். பிரஷர் ஏறுவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். வீட்டுச் சின்ன இன்வெர்ட்டரும் இதை இழுக்காது. 2012-ல் மதுரைப் பக்கம் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்ததை நான் மறக்கவில்லை. அதனால் பழைய குக்கரை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்!

கடைக்குப் போகும்போது வீட்டுப் பாத்திரத்தைக் கையோடு கொண்டு போங்கள். நான் டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு என் எவர்சில்வர் அடுக்கைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைப்பையன் சிரித்தான், சிரிக்கட்டுமே! மூன்று குக்கரில் இரண்டில் என் அடுக்கு இறங்கவே இல்லை. உள்பாத்திரம் எவர்சில்வரா, பூச்சுப் பூசியதா என்று பாருங்கள். நாம் கரண்டியால் சுரண்டுகிற சுரண்டலுக்குப் பூச்சு நிற்காது. கேஸ்கெட்டும் உள்பாத்திரமும் தனியாக மதுரையிலேயே கிடைக்குமா, ரிப்பேருக்கு எங்கே போவது என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியம். எர்த் உள்ள மூன்று துளை பிளக்கில் நேராகச் சொருக வேண்டும். மிக்ஸியோடு சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டக் கூடாது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மூடியில் உள்ள சின்ன வால்வில் வெள்ளையாகப் படியும். வாரம் ஒருமுறை கழற்றித் தேயுங்கள். முக்கால் பாத்திரம் நிரப்பாதீர்கள்; மூன்றில் இரண்டு பங்குதான், மொச்சை, கடலை என்றால் பாதி.

இன்னொன்று. ராத்திரியே எல்லாவற்றையும் போட்டு, காலையில் தானாக வேகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதியைப் பெருமையாகச் சொல்வார்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அது வேண்டவே வேண்டாம். ராத்திரி முழுக்க அறைச் சூட்டில் கிடந்தால் கறி கெட்டுப்போகும், ஊறிய கடலை நுரைத்துவிடும். குழந்தைக்குப் பருப்புச் சாதம் குழைப்பவர்கள் வெந்த உடனே எடுத்து ஊட்டுங்கள்.

கடைசியில் ஆவணியில் வாங்கிவிட்டோம், எவர்சில்வர் பாத்திரம் உள்ளதாகப் பார்த்து. சோறு இன்னும் என் பழைய குக்கரில்தான், மருமகள் வீட்டில் இருக்கும்போது. கறி, கடலை, மொச்சை, காலைப் பருப்பு எல்லாம் புதியதில். தோடு தைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. ஆட்டுக்கால் வாசம் ரப்பரில் ஏறிப் பருப்பிலும் அடித்ததால், மருமகள் இன்னொரு கேஸ்கெட் வாங்கி, டப்பாவில் போட்டு, மேலே ‘கறி’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.