மெயில் மேல் விழும் பழி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குக் கொஞ்சம் வியாபாரம் கூடும். சரக்கு வண்டி முழுசாகப் போய் முடிவதற்குள் ஒரு ஜெராக்ஸ், ஒரு இ.பி. பில், ஒரு டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் நடந்துவிடும். துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்க்கும் பையன்களும் இங்கேதான் வந்து நிற்பார்கள். கப்பல் கம்பெனி அனுப்பிய டெலிவரி ஆர்டரை மெயிலில் திறந்து பிரிண்ட் எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பு எழுத்தோடு ஒரு கட்டம் ஏறி வரும்: உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்! மூடினால் இன்னொன்று. அதை மூடினால் லாட்டரிப் பரிசு.

“இன்னாக்கா, என் மெயில்ல வைரஸ் பூந்துடுச்சா?”

“பாஸ்வேர்ட மாத்திடு தம்பி.”

மாற்றுவதில் நஷ்டமில்லை, ஆனால் பிரயோஜனமும் இல்லை. மெயில் இதில் ஒரு பாவமும் அறியாது.

மெயிலைப் படிக்கத் தனி சாஃப்ட்வேர் தேவைப்பட்ட காலத்தில் இப்படி ஒரு சந்தேகமே வந்திருக்காது. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4-ல் ஹாட்மெயிலைத் தொடங்கியபோது, உலகத்தில் எந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் பிரவுசர் வழியாகத் தன் கடிதத்தைப் படிக்கலாம் என்றானது. பிரவுசிங் சென்டர் பிழைத்ததே அதனால்தான். கூடவே பிரவுசர் செய்கிற சேட்டையெல்லாம் மெயில் கணக்கில் எழுதப்படுவதும் ஆரம்பித்தது. உண்மையில் ஜிமெயில், அவுட்லுக் போன்றவை, வந்த கடிதத்துக்குள் தானாக ஓடும் நிரல் எதுவும் ஒளிந்திருந்தால் காட்டுவதற்கு முன்பே கத்தரித்துவிடுகின்றன. படம் வரும், லிங்க் வரும். நாம் தொடாமல் ஒரு மெயில் தானாக ஜன்னல் திறக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தானாகத் திறக்கும் பாப்-அப் ஜன்னல் என்பதே ‘இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று காட்டுவதற்காகப் பிறந்தது. 1990-களின் பிற்பகுதியில் டிரைபாட் என்ற அமெரிக்கத் தளத்தில் வேலை பார்த்தவர் ஈதன் ஸக்கர்மன். ஒரு கார் கம்பெனி, தன் விளம்பரம் பாலியல் சமாச்சாரம் உள்ள பக்கத்தில் வந்துவிட்டதே என்று கொதித்தது. விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனி ஜன்னலில் போட்டுவிட்டால் அந்தப் பழி வராது என்று நினைத்து, அதற்கான நிரலை எழுதினார் ஸக்கர்மன். 2014-ல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் இதை அவரே எழுதி மன்னிப்பும் கேட்டார். பிரித்து வைத்தும் பயனில்லை. ஜன்னல் எதன் மேல் வந்து நிற்கிறதோ அதையே நாம் சந்தேகிக்கிறோம்.

பழைய ரக ஜன்னலை ஓரளவு அடக்கியாகிவிட்டது. 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே தடுப்பு வசதியைக் கொடுத்தது. இன்றைய பிரவுசர்களின் விதி எளிது: மனிதர் கிளிக் செய்தால்தான் தளம் புது ஜன்னல் திறக்கலாம். இலவசப் படம் காட்டும் தளங்கள் இதற்கும் வழி கண்டுபிடித்தன. பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். பிளே பட்டன் என்று நினைத்து எங்கே தட்டினாலும் அது ஜன்னல் திறக்க நாம் தந்த அனுமதி ஆகிவிடும். சில ஜன்னல்கள் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். படத்தை மூடி, மெயிலைப் பார்த்துவிட்டு அதையும் மூடும்போது எட்டிப் பார்க்கும்.

மூலையில் ஏறி வரும் கட்டம் வேறு ஜாதி. அது ஜன்னலே இல்லை, நோட்டிஃபிகேஷன். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அழுத்தவும்’ என்று ஏதோ ஒரு தளம் கேட்டிருக்கும். முன்னால் உட்கார்ந்த யாரோ அழுத்தியிருப்பார்கள். ரோபோவுக்கும் அலோவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த ஒரு தட்டலில் நடப்பதுதான் ஆச்சரியம். குரோம் என்றால் கூகுளின் சர்வரில், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் மொஸில்லாவின் சர்வரில், அந்த பிரவுசருக்கென்று நீளமான ரகசிய முகவரி ஒன்று உருவாகிறது. பிரவுசர் அதையும் ஒரு பூட்டுச் சாவியையும் அந்தத் தளத்திடம் கொடுக்கிறது. தளத்தின் சிறு நிரல் ஒன்று பிரவுசருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதற்குப்பின் டேபை மூடினாலும், அந்தத் தளத்தை மறந்தே போனாலும், அவர்கள் அந்த முகவரிக்கு ஒரு செய்தியை எறிந்தால் போதும். தூங்கும் நிரல் விழித்துக் கட்டத்தைக் காட்டும். செய்தி பூட்டப்பட்டே வருகிறது. கூகுளோ மொஸில்லாவோ உறையைப் பிரிக்காத தபால்காரர்தான். உள்ளே பொய் வைரஸா, நிஜ வங்கி அறிவிப்பா என்று அவர்களால் படிக்க முடியாது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் கூகுளின் சர்வர் 4 வாரம் வரை செய்தியைக் காத்து வைத்திருக்கும். தீபாவளி விடுமுறை முடிந்து கடை திறக்கிற காலையில் கட்டங்கள் வரிசைகட்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரோமில் 2015-ல் இந்த வசதி வந்தபோது நோக்கம் நல்லதுதான்: தளத்தின் பக்கம் மூடியிருந்தாலும் புது மெயில் வந்ததைச் சொல்வது போன்ற காரியங்கள். தொல்லை பொறுக்க முடியாமல் 2020-ன் தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அந்தக் கேள்வியையே அடக்கி வாசிக்க ஆரம்பித்தன. ஏற்கெனவே கொடுத்த அனுமதிகள் மட்டும் அப்படியே கிடந்தன.

அடையாளம் காண்பது சுலபம். கட்டத்தில் பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் பாருங்கள். பிரவுசர் பெயரோடு, அனுப்பிய தளத்தின் முகவரியும் இருக்கும். நாக்கில் நுழையாத ஒரு பெயர். குரோம் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் அதே பெயர் உட்கார்ந்திருக்கும். நீக்கினால் தீர்ந்தது, ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை. அனுமதி அந்தக் கம்ப்யூட்டரின் பிரவுசரில்தான் இருக்கிறது, மெயில் கணக்கில் அல்ல. அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அதே மெயிலைத் திறந்தால் கட்டம் வராது.

வீட்டிலும் வந்தால்? மூலையில் இல்லாமல் இன்பாக்ஸையே மறைத்துக்கொண்டு விளம்பரம் முளைத்தால்? அப்போது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்டென்ஷனைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு தளம் பக்கத்து டேபில் இருக்கும் மெயிலைத் தொட முடியாது என்பது பிரவுசரின் அடிப்படை விதி. ‘எல்லாத் தளங்களிலும் உள்ளதைப் படிக்க, மாற்ற’ அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷனுக்கு அந்த விதி கிடையாது. கூகுள் கணக்கோடு குரோமில் நுழைந்து சிங்க் போட்டால் அது கூடவே ஊர் ஊராக வரும். நல்ல எக்ஸ்டென்ஷனும் கைமாறலாம்: லட்சக்கணக்கானோர் வைத்திருந்த ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ 2020-ல் வேறொருவருக்கு விற்கப்பட்டது, 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் என்று கூகுள் அதை நீக்கியது. சோதிக்க ஒரு வழி: இன்காக்னிட்டோ ஜன்னலில் மெயிலைத் திறப்பது. அங்கே எக்ஸ்டென்ஷன்கள் தாமாக ஓடாது. விளம்பரம் காணாமல் போனால் குற்றவாளி சிக்கினான்.

இணைப்புக் கம்பியிலேயே கலப்படம் நடந்த கதையும் நம் நாட்டில் உண்டு. 2015-ல் பெங்களூரு நிரலாளர் தேஜேஷ், ஏர்டெல் 3ஜி வழியாகத் தன் தளத்தைத் திறந்தபோது, தான் எழுதாத ஜாவாஸ்கிரிப்ட் அதில் சொருகப்பட்டிருப்பதைக் கண்டு வெளியிட்டார். டேட்டா பயன்பாட்டைக் காட்டும் சோதனை என்றது ஏர்டெல். நிரலுக்குச் சொந்தக்காரரான இஸ்ரேல் கம்பெனி தேஜேஷுக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது! எச்டிடிபிஎஸ் பூட்டு இல்லாத பக்கங்களில்தான் இந்த வேலை நடக்கும். ஜிமெயில் 2010 ஜனவரியிலேயே அந்தப் பூட்டை எல்லோருக்கும் போட்டுவிட்டதால் இந்த வழியாக மெயிலுக்குள் நுழைய முடியாது.

நிஜமாகவே பயப்பட வேண்டியது இன்னொன்று உண்டு. முழுத் திரையையும் அடைத்து, சைரன் ஊதி, ‘உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்கிற பக்கம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது என்று அந்த கம்பெனியே சொல்லியிருக்கிறது. எஸ்கேப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே முடித்துவிடலாம். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் சைரனும் திரும்பி வரும். அந்த எண்ணுக்கு அழைத்து யாராவது பணமும் கட்டிவிட்டிருந்தால், அடுத்த போன் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு.