கோயில் வளவுப் பள்ளிக்கூடம்

யாழ்ப்பாண நகரத்தின் விளிம்பில் குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, நாவாந்துறை என்று கடலை ஒட்டிச் செல்லும் வீதிகளிலும், அதற்கு அப்பால் வலிகாமத்திலும் தீவகத்திலும் மன்னாரிலும் உள்ள சிறிய பாடசாலைகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் 'றோ.க.' அல்லது 'றோ.க.த.க.' என்ற எழுத்துக்களைக் காணலாம். றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை என்பதே இதன் விரிவு. இவை அரசாங்கப் பாடசாலைகளாகி அறுபது வருடங்களுக்கு மேலாகிவிட்டன. சம்பளம் கொடுப்பதும் அதிபரை நியமிப்பதும் அரசாங்கமே. ஆயினும் பழைய பெயர் போகவில்லை. அங்கு படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் பலருக்கு இந்த எழுத்துக்களின் பொருள் தெரியாது. தாய்மாருக்குத் தெரியும். பாட்டிமாருக்கு அதற்குப் பின்னால் உள்ள கதையும் தெரியும்.

கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவில் இருப்பது இங்கு மிகப் பழைய வழக்கம். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் பிரான்சிஸ்கன் சபையினரும் யேசு சபையினரும் பங்குக்கோயில்களை அமைத்தபோது, அவற்றோடு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் இடங்களையும் அமைத்தார்கள். 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த அவர்கள் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் இடித்துவிடவில்லை. தங்களுடைய புரட்டஸ்தாந்து சபைக்கு அவற்றை மாற்றிக் கொண்டார்கள்.

ஒல்லாந்தர் காலத்து நடைமுறை ஒன்றை நாம் அறிந்திருப்பது பிரயோசனமானது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே அந்த ஊரின் பதிவாளராகவும் இருந்தார். ஊரில் யார் பிறந்தார், யாருக்கு ஞானஸ்நானம் நடந்தது, யார் யாரை மணமுடித்தார் என்ற விபரங்களை அவர் ஒரு பெரிய புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். பாடசாலைத் தோம்பு என்று அதற்குப் பெயர். முதுசக் காணி யாருக்குச் சேரும் என்ற வழக்கு வந்தால் இந்தத் தோம்பு சாட்சியாகும். ஆகவே தோம்பில் பெயர் இல்லாதவருக்குக் காணியிலும் உரிமை சொல்வது கஷ்டம். இதனால் மனதளவில் கத்தோலிக்கராகவோ சைவராகவோ இருந்த பலர், பெயரளவில் ஒல்லாந்தரின் கோயிலில் பதிந்துகொண்டனர். பிழைப்புக்காகப் பதிவேட்டில் ஒன்றும் வீட்டுக்குள் வேறொன்றுமாக வாழ்வது எமது பெண்களுக்குப் புதிய விடயமல்ல.

அந்தக் காலத்தில் கத்தோலிக்க மந்திரங்களை வீட்டுக்குள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்று எந்தப் புத்தகமும் பெயர் எழுதி வைக்கவில்லை. கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் 1687 இல் ஏழைக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, பல வருடங்களாகக் குருவானவரே இல்லாத ஊர்களில் இன்னும் செபம் சொல்லத் தெரிந்த குடும்பங்களைக் கண்டார். சில்லாலை அப்படியான ஊர்களில் ஒன்று. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருக்கு முன்பே அந்த வீடுகளில் விசுவாசத்தைக் காத்து வைத்தவர்களில் பெரும் பங்கு தாய்மாருடையதாகவே இருந்திருக்க வேண்டும் என்பது எனது எண்ணம்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1806 இல், கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீக்கப்பட்டன. ஆனால் பள்ளிக்கூடம் கட்டுவதில் மற்றவர்கள் முந்திவிட்டனர். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் தெல்லிப்பழையில் வேலையை ஆரம்பித்து, 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று தங்கிப் படிக்கும் பாடசாலையையே திறந்துவிட்டார்கள். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கத்தோலிக்கர் தரப்பில் 1847 இல் பிரான்சிலிருந்து வந்த அமலமரித் தியாகிகள் சபையினரே இந்தப் பணியைப் பெரிதாக எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்தோப்பர் பொஞ்சீன் ஆண்டகை, கத்தோலிக்கப் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்திலேயே படிக்க வேண்டும், அதற்கு அரசாங்கம் பண உதவி செய்ய வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவாகி உதவி நன்கொடை முறை விரிவடைந்தபோது, அவருடைய வாதம் பெருமளவு நிறைவேறியது. அரசாங்கம் பணம் கொடுக்கும், சபை பள்ளிக்கூடத்தை நடத்தும் என்பதே ஏற்பாடு. அந்தப் பணமும் சும்மா வரவில்லை. பரிசோதகர் வந்து பிள்ளைகளை வாசிக்க, எழுத, கணக்குச் செய்ய வைத்துப் பார்ப்பார். சித்தியடைந்த பிள்ளைகளின் தொகைக்கு ஏற்பத்தான் நன்கொடை கிடைக்கும்.

1862 இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். பெண்பிள்ளைகளின் படிப்பு அதன் பிறகுதான் கத்தோலிக்க ஊர்களில் வேரூன்றியது. வாசிப்பும் கணக்கும் மட்டுமன்றித் தையல், பின்னல் வேலைகளையும் அவர்கள் பழக்கினர். தையல் ஒரு பெண்ணைக் குசினிக்குள் வைத்திருக்கும் படிப்பு என்று பல்கலைக்கழகத்தில் நாம் விவாதித்ததுண்டு. ஆனால் புருஷனை இழந்த பின்னர் பழைய தையல் மெசின் ஒன்றை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்தெடுத்த பெண்களை வேலையில் சந்தித்த பிறகு அந்த விவாதத்தை நான் அவ்வளவு சத்தமாகச் செய்வதில்லை.

உள்ளதைச் சொல்வதானால், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே படிப்புக் கிடைக்கவில்லை. நகரத்தின் நடுவே கல்லூரியும் கன்னியர் மடமும் ஆங்கிலத்தில் படிப்பித்தன. அங்கே படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். அங்கு படித்தவர்கள் கிளாக்கர்மாராகவும் ஆசிரியர்களாகவும் வந்தார்கள். நகரத்தின் விளிம்பில், கரையூர் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய குருநகர் போன்ற இடங்களில், ஆரம்பப் பாடசாலை தமிழில் நடந்தது. பணம் கட்டத் தேவையில்லை. ஓலைக் கொட்டில், பங்குத்தந்தையே முகாமையாளர், இரண்டு மூன்று உபாத்தியாயர். பருவத்துக்குப் பருவம் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் போய் வாடி போட்டுத் தங்கும் மீனவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு பாதியில் நின்றுவிடும். தம்பியைப் பார்க்க வேண்டும் என்று முதலில் மறிக்கப்படுவது பெண்பிள்ளைதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்று எமது பாட்டிமார் சொல்வதற்குக் காரணம் அவர்களின் கெட்டித்தனக் குறைவல்ல. அதற்கு மேல் தமிழில் படிக்க அருகில் இடம் இருக்கவில்லை.

சாதியும் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுவிடவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளை நிலத்தில் இருத்திப் படிப்பித்த வழக்கம் யாழ்ப்பாணத்தில் பல பாடசாலைகளில் இருந்தது. நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கிலில் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டளை 1930 ஐ ஒட்டிய காலத்தில் வந்தபோது, அதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தியவர்களும் எமது மண்ணிலேயே இருந்தார்கள்.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. அடுத்த பெரிய மாற்றம் 1960 இல். சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராகிய சில மாதங்களில், அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி, உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை டிசம்பர் மாதம் முதல் அரசாங்கம் பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பாடசாலைகள் மட்டுமல்ல, சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் இதில் அடங்கின. பெரிய பாடசாலைகளுக்கு ஒரு தெரிவு கொடுக்கப்பட்டது. அரசாங்கப் பணமும் வேண்டாம், பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்க மாட்டோம் என்றால் தனியாக நிற்கலாம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி அப்படித் தனித்து நின்றது. கோயில் வளவில் இருந்த ஆரம்பப் பாடசாலைகளுக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை. இருந்திருந்தாலும் ஒரு மீனவக் கிராமம் எத்தனை மாதத்துக்கு உபாத்தியாயர் சம்பளத்தைச் சேர்த்திருக்கும்?

கத்தோலிக்கர் இதனை இலகுவில் ஏற்கவில்லை. கொழும்பிலும் மேற்குக் கரையோரத்திலும் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து அங்கேயே தங்கினார்கள். தாய்மார் பாயும் சமையல் பாத்திரமும் கொண்டுபோய் வகுப்பறைகளில் இரவு பகலாக இருந்தார்கள். 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமாதானம் பேசியதன் பின்னரே அந்த மறியல் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டே வேறொரு சட்டம் கட்டடங்களையும் காணிகளையும் அரசாங்கத்தின் உடைமையாக்க வழிசெய்தது. இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். சமயச் சபைகளின் கையில் கல்வி இருந்ததால் தங்கள் பிள்ளைகள் புறக்கணிக்கப்பட்டதாகவும் மதம் மாற்றப்பட்டதாகவும் சைவரும் பௌத்தரும் சொன்ன குறையில் உண்மை இருந்தது. அதேவேளை, தான் மண் சுமந்து கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றி ஊருக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லாமல் போனதும் உண்மை.

அதன் பிறகு வந்தது போர். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியதும் வலிகாமம் வடக்குச் சனம் வீடுகளை விட்டு வெளியேறியது. அவர்களது பல ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. வேறு ஊரில், வேறொரு பாடசாலையில், காலைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின்னர் மாலையில் அதே வாங்கில்களில் இன்னொரு பாடசாலை நடந்தது. 1995 ஜூலை 9 ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயமும் அதன் சுற்றாடலும் குண்டுவீச்சுக்கு இலக்காகி, அடைக்கலம் தேடி வந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. அன்று எங்கு ஒரு கூரை தெரிந்ததோ அது பெரும்பாலும் ஒரு கோயில் அல்லது ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைக்குள் சீலையால் மறைப்புக் கட்டி, கரும்பலகைக்குக் கீழே குழந்தை பெற்ற பெண்கள் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களிலும் இருக்கக்கூடும். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோதும் சனம் அதே வகுப்பறைகளுக்குத்தான் போனது.

இப்போதைய பிரச்சினை வேறு. கோயில் வளவுப் பாடசாலைகள் பலவற்றில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். வெளிநாடு போன குடும்பங்கள், மீள்குடியேறாத காணிகள், குறைந்த பிறப்பு என்பவற்றோடு, நகரத்துப் பெரிய பாடசாலையில் சேர்த்தால்தான் பிள்ளை முன்னுக்கு வரும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைத் தொகை குறைந்தால் ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்தால் இருக்கும் பிள்ளைகளும் போவர். பின்னர் பாடசாலையை மூடுவது பற்றிப் பேச்சு வரும்.

பெரிய பாடசாலை எல்லோருக்கும் கதவு திறப்பதில்லை. முதலாம் வகுப்பு அனுமதிக்கு வதிவிடத்துக்கான புள்ளிகள் முக்கியம். தொடர்ந்து பல வருடம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும், காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் வேண்டும், மின் பட்டியல் வேண்டும். நாலு முகாம் மாறி வந்து, புருஷனின் தாயாரது காணியில் தகரக் கொட்டில் போட்டிருக்கும் ஒரு தாய் எதைக் காட்டுவது? நான் சந்தித்த ஒரு தாய் இரண்டு பாடசாலைகளில் படிவம் கொடுத்துத் திரும்பி வந்து, கடைசியில் தான் படித்த கோயிலடிப் பள்ளிக்கூடத்திலேயே மகளைச் சேர்த்தார். அங்கே பதினொரு பிள்ளைகள் உள்ள வகுப்பு. மகள் மூன்றாம் தவணைக்குள் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று பிறகு கண்டபோது சொன்னார். எல்லாச் சிறிய பாடசாலைகளும் இப்படியென்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்க்கும் இடமும் உண்டு. ஆனால் கூப்பிடு தூரத்தில் உள்ள பாடசாலைக்குள் ஒரு தரம் போய்ப் பாராமல் வான் காசுக்குக் கடன்படுவதற்கு முன் சற்று யோசிக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருக்கு இடமுண்டு. கூட்டத்துக்குப் போய், ஆசிரியர் வெற்றிடம் எத்தனை என்று கேட்டு, வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று வற்புறுத்த ஒவ்வொரு தாய்க்கும் உரிமையுண்டு.

இன்னொரு விடயம், தோம்போடு தொடர்பானது. ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்வு இடாப்பு என்று ஒன்று இருக்கும். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பனார் அல்லது பாதுகாவலர் பெயர், விலாசம், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் அதில் பதியப்படும். அத்தோடு பாடசாலையின் அன்றாட நடப்பை எழுதும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் உண்டு. வீட்டோடு எல்லாக் கடுதாசியும் எரிந்துபோன பெண்களுக்கு, பிறப்புப் பதிவைத் தேடும்போதும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்த இடாப்பிலிருந்து கிடைக்கும் பாடசாலை விடுகைப் பத்திரம் துணை ஆவணமாக உதவும். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறு இடத்துக்கோ கோவை தயாரிக்கும் தாய்மாரில் சிலரிடம் மகனின் ஒரு படம்கூட இல்லை. ஒரு தாய்க்கு மகன் இருந்ததற்குக் கையில் கிடைத்த முதல் எழுத்துச் சாட்சி, அவன் ஐந்து வயதில் சேர்ந்த பள்ளிக்கூடத்து இடாப்பின் ஒரு வரிதான். அந்தப் பக்கத்தை அவர் வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

இடாப்பில் தேடுவதற்குப் பிள்ளை சேர்ந்த வருடம் தெரிந்தால் போதும். சேர்விலக்கம் தெரிந்தால் இன்னும் சுலபம். அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்கும் கடிதத்தின் பிரதி ஒன்றைத் திகதியிட்டு உங்களிடம் வைத்திருங்கள். பாடசாலை மூடப்பட்டிருந்தால் அல்லது இடம்பெயர்ந்து வேறொன்றோடு சேர்க்கப்பட்டிருந்தால், அதன் பதிவேடுகள் எங்கே என்று கோட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். கத்தோலிக்கராயின் அதே வளவில் உள்ள கோயிலின் ஞானஸ்நானப் பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக் கட்டடம் குண்டில் போயிருந்தாலும், பங்குத்தந்தை புத்தகத்தைச் சாக்கில் கட்டிக் கொண்டு ஓடியிருக்கக்கூடும்.