படம் முடிந்தவுடன் எழும்பிப் போகாதீர்கள்

"இந்தப் பிள்ளையளுக்கு ஒண்டிலயும் அக்கறையில்லை."

ஒஸ்லோவில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காத்து நிற்கும்போதும் இதே பேச்சுத்தான். நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன், 2025 ஏப்ரல் வரைக்கும்.

மகளுக்கு வயது 19. இங்கேயே பிறந்தவள். மே 17 நோர்வேயின் தேசிய நாள், கொடியும் ஊர்வலமுமாக நகரமே திரளும். அதற்கு அடுத்த நாள் முள்ளிவாய்க்கால் நினைவு நாள். வரச் சொன்னால், "படிக்க இருக்கு அப்பா" என்பாள். படிப்பு என்றவுடன் நானும் பேசாமல் விட்டுவிடுவேன்.

ஏப்ரலில் பள்ளிக்கூட ஒப்படை ஒன்றுக்காக, நோர்வேயின் அனுசரணையில் 2002 பெப்ரவரியில் வந்த போர்நிறுத்த உடன்படிக்கையைப் பற்றித் தேடினாள். தேடப் போனவளுக்கு 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படம் அகப்பட்டது. கெலும் மக்ரே இயக்கி 2013 இல் வெளிவந்த படம். 2009 ஜனவரி முதல் மே வரையான 138 நாட்களின் கதை. உள்ளே அகப்பட்ட சனமும், வென்ற சிப்பாய்களும் தங்கள் கைபேசிகளிலும் கமராக்களிலும் எடுத்த காட்சிகள்தான் அதன் உயிர்.

இரவு பதினொரு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, அந்த வாணி அக்கா லண்டனில வளர்ந்தவ. என்னை மாதிரித்தானே?"

பிரித்தானியாவில் படித்துவிட்டு வன்னிக்குப் போன இடத்தில் போருக்குள் அகப்பட்டு, தற்காலிக மருத்துவமனையில் காயப்பட்டவர்களுக்கு உதவிய தமிழ்வாணியைத்தான் சொன்னாள். அதுவரை வன்னி என்றால் அவளுக்கு அப்பாவின் ஊர்க்கதை. தன்னைப் போல ஒரு பிள்ளை பதுங்குகுழிக்குள் இருந்ததைக் கண்ட பிறகு அது அவளுடைய கதையாகிவிட்டது.

அடுத்த கேள்வி என்னை நோக்கி வந்தது. "நீங்கள் ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்ல?"

2009 ஏப்ரல் குளிரில் ஒஸ்லோ நாடாளுமன்றத்தின் முன்னால் நான் பதாகையோடு நின்றபோது, மூன்று வயதுக் குழந்தையாக அவள் தள்ளுவண்டியில் நித்திரை. அதைக்கூட நான் அவளுக்குச் சொன்னதில்லை. பிள்ளை பயந்துவிடும், படிப்புக் குழம்பிவிடும் என்று நினைத்தேன். படி, நல்ல வேலை எடு, வீடு வாங்கு என்று மட்டும் சொல்லி வளர்த்தோம். பிறகு அக்கறையில்லை என்று குறை சொல்கிறோம். அந்த அக்கறையின்மையைச் சோற்றோடு குழைத்து ஊட்டியதே நாங்கள்தான்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. "சனத்தை வெளியில போக விடாமல் மறிச்சது ஆர்?" படம் அதையும் பேசுகிறது. மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்றும், பெரும்பாலானோர் அரச படைகளின் எறிகணைகளுக்கே பலியாகினர் என்றும் ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் சொன்னது. தப்பியோடிய சனத்தைப் புலிகள் சுட்டார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இரண்டையும் சொன்னேன். பாதியை மறைத்தால் மீதியையும் பிள்ளை நம்பாது.

ஒரு படம் என்ன செய்யும் என்பதை 2013 இல் கண்டோம். பாலச்சந்திரனின் கடைசிப் படங்களை இந்தப் படக்குழு அந்த பெப்ரவரியில் வெளியிட்டது. அடுத்த மாதமே சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தமிழகக் கல்லூரிகள் எங்கும் அது பரவியது. சினிமாவும் கிரிக்கெட்டும் தவிர வேறொன்றும் தெரியாது என்று பெரியவர்கள் சொல்லிவந்த பிள்ளைகள்தான் தெருவுக்கு வந்தார்கள்.

மலேசியாவில் லீனா ஹென்றி என்ற இளம்பெண், அதே வருடம் யூலையில் தணிக்கை அனுமதியில்லாமல் இந்தப் படத்தைத் திரையிட்டதற்காக வழக்கைச் சந்தித்தார். ஏறக்குறைய நான்கு வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கி, 2017 இல் 10,000 ரிங்கிட் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. ஒஸ்லோவில் இதைப் போட்டுக் காட்டினால் எங்கள் மேல் ஒருவரும் வழக்குப் போடப் போவதில்லை. அப்படியிருந்தும் என் வீட்டு வரவேற்பறையில் பன்னிரண்டு வருடமாக நான் போடவில்லை.

படம் பிள்ளையைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான். எழும்பிய பிள்ளைக்குப் பேச ஆளில்லை என்றால் இரண்டு கிழமையில் கண்ணீர் காய்ந்துவிடும். கைபேசியில் அடுத்த காணொளி வந்துவிடும்.

அந்த வருடம் மே 17 அன்று மகள் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் சிவப்பு 'ருஸ்' உடுப்போடு தோழிகளுடன் ஊர்வலம் போனாள். மறுநாள் கறுப்புச் சட்டையோடு என் பக்கத்தில் நின்றாள். இரண்டும் அவளுடையதுதான். அன்று பின்னேரம் புதுக்குடியிருப்பில் இருக்கும் என் சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். கேட்டுவிட்டு ஒலிப்பதிவும் செய்தாள். அவளுடைய தமிழ் தடக்கத் தடக்க, சின்னம்மா பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனா. அதில் பாதி எனக்கே புதிது. இத்தனை வருடத்தில் நானும் கேட்டதில்லையே.

படம் கொடூரமானது, சின்னப்பிள்ளைகளுக்கு வேண்டாம். வளர்ந்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள். முடிந்தவுடன் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடாதீர்கள். பிள்ளை உங்களைக் கேள்வி கேட்கும்.