காட்டில் எத்தனை மூஸ்?

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் தொழிற்சாலைகளில் ஆட்கள் குறைவதை, கோட்-டெ-நெய்ஜிலிருந்து விடியப்புறம் பஸ் பிடித்து வேலைக்குப் போகும் எம்மவர்கள் கண்டிருப்பீர்கள். வருடம் முழுவதும் ஒருநாள்கூட லீவு எடுக்காத கியூபெக்காரரும் ஒரு கிழமை காணாமற் போய்விடுவார். கேட்டால் "லா ஷாஸ்" என்பார்கள். வேட்டை. அந்தக் கிழமை ஓவர்ரைம் எமக்கு. கஸ்பே செல்லும் வழியில் உள்ள மத்தப்பெடியா பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடங்களே மூஸ் வேட்டைக்காக விடுமுறை விடுகின்றன. ஊரில் கோயில் தேருக்கு லீவு விட்டது போலத்தான்.

புதிதாக வந்த குடும்பங்கள் எம்மிடம் கேட்பதுண்டு: பூனைக்குட்டிக்குக்கூடச் சட்டம் வைத்திருக்கும் இந்த நாட்டில், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துவக்கும் வில்லுமாகக் காட்டுக்குள் போகிறார்களே, மிருகம் மிஞ்சுமா? மிஞ்சுகிறது. கியூபெக் மாகாணத்தில் இன்று ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மூஸ்கள் இருக்கின்றன. 1990களின் ஆரம்பத்தில் இருந்ததைவிட இது மிகவும் கூட.

மூஸ் என்பது மான் இனங்களில் எல்லாவற்றிலும் பெரியது. வன்னிக் காட்டில் மரை பார்த்தவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு என்று மனதில் கொள்ளலாம். நன்றாக வளர்ந்த கிடாய் 450 கிலோவுக்கு மேல் நிற்கும். அகன்ற கொம்பு ஒவ்வொரு குளிர்காலமும் விழுந்து மீண்டும் முளைக்கும். மூஸ் என்ற ஆங்கிலப் பெயர் இந்த மண்ணின் பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரரின் ஒரிஞால் என்ற பெயர் பாஸ்க் மீனவர்களின் சொல். ஐரோப்பாவில் இதே மிருகத்தை எல்க் என்பார்கள். இலங்கையை ஆண்ட வெள்ளைக்காரர் எமது மரைக்கும் எல்க் என்றே பெயர் வைத்தார்கள். பழைய ஆங்கிலப் புத்தகத்தில் நுவரெலியாவில் எல்க் சுட்டதாகப் படித்தால் மயங்கவேண்டாம், அது மரைதான்.

அந்தக் காலத்து இலங்கையில் வரம்பு என்று ஒன்று இருக்கவில்லை. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் நாய்களை ஏவி மரை வேட்டையாடியதைப் புத்தகமாகவே எழுதிவைத்தார். வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1937இல். அதற்குப் பிறகும் இடியன் துவக்குக்கு எந்தச் சட்டமும் தெரியாது என்பது வேறு விடயம்.

கியூபெக்கில் திருப்பம் 1994. அதற்கு முன் பல இடங்களில் பிறப்பதைவிடச் சுடப்படுவது கூடிப்போயிருந்தது. அந்த வருடம் மாகாண அரசு மூஸுக்கென்று தனியாக ஒரு முகாமைத் திட்டம் கொண்டுவந்தது. அதன் உயிர்நாடி ஒரு சின்ன விடயம்: தாயைக் காப்பாற்று. மாகாணம் இலக்கமிட்ட வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பல வலயங்களில் ஒரு வருடம் எதையும் சுடலாம், அடுத்த வருடம் கிடாயும் கன்றும் மட்டும். தடையுள்ள வருடத்தில் தாய் மூஸ் சுட விரும்பினால் குலுக்கலில் பெயர் விழவேண்டும். கிடாய் எது என்பதற்கும் அளவு உண்டு. கொம்பு 10 சென்றிமீற்றர் இருக்கவேண்டும். மங்கல் வெளிச்சத்தில், நூறு யார் தூரத்தில், கொம்பைப் பார்த்துவிட்டுத்தான் விசையை இழுக்கலாம். அதோடு பெரும்பாலான இடங்களில் ஒரு மூஸுக்கு இரண்டு பேரின் அனுமதிச் சீட்டைக் கட்டவேண்டும். ஆளுக்கொரு மிருகம் என்ற கதை இல்லை. சுட்டதைக் குறித்த நேரத்துக்குள் பதியவும் வேண்டும்.

கோட்டா என்ற சொல்லைக் கேட்டாலே எம்மவர்களுக்கு 1971இன் தரப்படுத்தல்தான் நினைவுக்கு வரும். இந்தக் கோட்டா அப்படியல்ல, மிருகத்தின் பிறப்பு இறப்புக் கணக்கிலிருந்து வருவது.

ஏன் தாய்? ஒரு கிடாய் பல பெண் மூஸ்களோடு சேரும். ஆகவே சில கிடாய்கள் போனாலும் அடுத்த வருடக் கன்றுகள் பெரிதாகக் குறையா. ஒரு தாய் போனால் அவளும் இல்லை, அவள் போடவேண்டிய கன்றுகளும் இல்லை. நல்ல தீன் கிடைத்த தாய் இரட்டைக் கன்று போடுவதும் உண்டு. ஆனால் கிடாய் என்று கிடாயையே சுட்டுக்கொண்டு போனாலும் பிழைக்கும். சேரும் காலம் செப்ரெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை. அந்த நேரம் கிடாய் கிடைக்காத பெண், ஏறக்குறைய மூன்றரைக் கிழமை கழித்துத்தான் மறுபடி தயாராகும். எட்டு மாதச் சினை. மே கடைசியில் பிறக்கவேண்டிய கன்று ஜூன் கடைசியில் பிறக்கும். ஒரு மாதத் தீன் குறைந்த கன்று முதற் பனிக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம். ஆகவேதான் இரண்டு பக்கமும் பார்த்து வரம்பு போடுகிறார்கள்.

எண்ணுவது ஹெலிகொப்ரரில், ஜனவரி, பெப்ரவரியில். இலை கொட்டிய காட்டில் வெண்பனியில் கால்தடம் தெரியும். தடத்தைப் பின்தொடர்ந்து மிருகத்தைக் காண்பார்கள். எல்லா வலயத்தையும் ஒரே வருடத்தில் எண்ண முடியாது. ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் பல வருடங்கள் போய்விடும். இடைக்காலத்துக்கு வேட்டைக்காரரின் பதிவுதான் வழிகாட்டி.

மூஸ் கூடினால் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். நியூபவுண்லாந்துத் தீவில் மூஸே இருந்ததில்லை. 1904இல் நான்கு மிருகங்களைக் கொண்டுபோய் விட்டார்கள் (1878இலும் ஒரு சோடி விட்டிருந்தார்கள்). ஓநாய் அழிந்துபோன தீவு. இன்று அங்கே ஒரு இலட்சத்துக்கு மேல். இளம் மரங்களைத் தின்று தின்று காடே வளராமற் போய், கடைசியில் 2011இல் குறோஸ் மோர்ன் தேசிய பூங்காவுக்குள்ளேயே வேட்டையை அனுமதிக்கவேண்டி வந்தது. நெருக்கம் கூடிய இடங்களில் இன்னொரு தொல்லை, குளிர்கால உண்ணி. இலையுதிர் காலத்தில் செடி நுனியில் கொத்தாகக் காத்திருந்து, உரசிப்போகும் மூஸில் ஏறிவிடும். ஒரே மிருகத்தில் பல்லாயிரம். மார்ச், ஏப்ரலில் இரத்தம் வற்றிக் கன்றுகள் சாகும். பனி பிந்தி விழும் வருடங்களில் உண்ணிக்கு வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2021இல் ஒரு பகுதியில் வேண்டுமென்றே கூடுதல் அனுமதி கொடுத்து, நெருக்கத்தைக் குறைத்தால் உண்ணி குறையுமா என்று பார்க்கத் தொடங்கியது. (பிள்ளைகளுக்கு லைம் நோய் கொண்டுவரும் உண்ணி வேறு இனம். இரண்டையும் குழப்பவேண்டாம்.)

இவ்வளவும் சரியாகத் தோன்றும். ஆனால் யாருடைய கணக்கை நம்புவது என்ற சண்டை எமக்குக் கிட்டவே நடந்தது. மொன்றியலிலிருந்து 117ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே போனால் லா வெரான்ட்ரி வனவிலங்கு ஒதுக்ககம் வரும். 12 ஆயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேல், அதாவது யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் பன்னிரண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் அனிஷினாபே மக்கள். மூஸ் அவர்களுக்கு விளையாட்டு அல்ல, பனிக்காலச் சாப்பாடு. காட்டில் தடம் குறைகிறது, பல வருடங்களுக்கு வேட்டையை நிறுத்துங்கள் என்று 2019இலேயே கேட்டார்கள். அரசு தரப்பு, வரம்பைக் குறைத்தால் போதும், நிறுத்தும் அளவுக்கு நிலைமை இல்லை என்றது. 2020 இலையுதிர் காலத்தில் அவர்கள் காட்டுப் பாதைகளில் முகாமிட்டு வேட்டைக்காரரை மறித்தார்கள். வருடக்கணக்காகக் குலுக்கலுக்குக் காத்திருந்து இடம் கிடைத்த வேட்டைக்காரருக்குக் கோபம். அதிலும் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டோம், பெரும்பாலும் அவர்களும் எம்மைப்போல் கூலிவேலை செய்பவர்கள்தான். 2021இல் அரசு இறங்கிவந்து, அங்கே விளையாட்டு வேட்டையைச் சில பருவங்களுக்கு நிறுத்த ஒத்துக்கொண்டது.

எமது மனம் அனிஷினாபே பக்கம் சாய்கிறது. ஹெலிகொப்ரர் பல வருடங்களுக்கு ஒருமுறை வருகிறது. அவர்கள் ஒவ்வொரு நாளும் அங்கே இருக்கிறார்கள். தூரத்தில் இருந்து எழுதப்படும் கணக்குக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்று 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. கனடாவின் உச்ச நீதிமன்றமும் 1990இல் ஸ்பாறோ வழக்கில் வரிசையைத் தெளிவாக வைத்தது: முதலில் மிருகம் அழியாமற் காப்பது, அடுத்து பூர்வகுடிகளின் உணவுத் தேவை, அதன் பிறகே மற்றவர்கள். அது மீன்பிடி வழக்கு. ஆனாலும் காட்டுக்கும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி வீட்டுக்குத் தேவையானது. வேலையிடத்து நண்பர் நவம்பரில் ஒரு பொதி மூஸ் இறைச்சி தந்தால் தாராளமாக வாங்குங்கள், கொடுப்பது சட்டப்படி சரி. காசுக்கு வாங்கவேண்டாம். வேட்டை இறைச்சி விற்பது குற்றம். மரைக்குப் போடுவது போல் மிளகும் சரக்கும் தூக்கலாகப் போட்டு, மெல்லிய நெருப்பில் நேரமெடுத்துச் சமைத்தால் பதம் வரும், கொழுப்பு அதிகம் இல்லை. சூடு பட்ட இடத்து இறைச்சியை, ஈயத் துணுக்குக்காக, சுற்றிவர நன்றாக வெட்டி எறியவேண்டும். ஈரல், சிறுநீரகம் இரண்டும் வேண்டாம். அவற்றில் கட்மியம் என்ற உலோகம் சேர்கிறது, சாப்பிடவேண்டாம் என்று கியூபெக் அரசே சொல்கிறது. ஈரல் பிள்ளைக்கு இரத்தம் ஊறும் என்று எமது அம்மாமார் சொல்வது ஆட்டு ஈரலுக்குச் சரி.

கியூபெக் நகரத்திலிருந்து சகுனே போகும் 175ஆம் இலக்கப் பாதையில் நீளமான கம்பிவேலி அடித்திருப்பதைக் காண்பீர்கள். அது மூஸுக்காக. வேலி இல்லாத பாதையில் இரவில் மெதுவாகப் போங்கள். மூஸின் கண் வாகன விளக்குக்கு மேலே இருக்கும், மின்னாது. கால் நீளம் என்பதால் மோதினால் உடல் கண்ணாடிக்கு மேலேயே விழும்.