பரணில் கிடந்த பெட்டிகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், செனிகா ஏரிக்கரையில் 1869-இல் திறக்கப்பட்டது வில்லார்ட் மனநல மருத்துவமனை. 1995-இல் அதை மூடியபோது, ஒரு கட்டடத்தின் பரணில் 400-க்கும் மேற்பட்ட பெட்டிகள் இருந்தன. எல்லாம் நோயாளிகள் சேரும்போது கொண்டுவந்தவை. துணிமணி, கடிதங்கள், குடும்பப் படங்கள், தையல் சாமான்கள். பலர் வீடு திரும்பவே இல்லை. பெட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. இன்று அவை நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜான் கிறிஸ்பின் என்ற புகைப்படக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து படமெடுத்திருக்கிறார்.

இன்னொரு புகைப்படக்காரர், கிறிஸ்டோபர் பெய்ன். கட்டடக்கலை படித்தவர். 2002 முதல் 2008 வரை 30 மாநிலங்களில் 70 மனநல மருத்துவமனைகளுக்குப் போய் வந்தார். பெயின்ட் உரிந்து தொங்கும் சுவரையும் உடைந்த கட்டிலையும் யார் வேண்டுமானாலும் படமெடுத்துவிடலாம். பெய்னின் படங்களில் மனதில் நிற்பது ஓர் அலமாரி: உள்ளே வரிசையாகப் பல் துலக்கும் பிரஷ்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே அதற்குரியவரின் பெயர். கைவிடப்பட்ட கட்டடங்களில் பேய்க்கதை தேடிப் போகிறவர்கள் கண்ணில் இதெல்லாம் படுமா என்ன?

பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்கும் ஆர்வம் உங்களுக்கும் உண்டா? உரியவரிடம் அனுமதி வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸும், பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசம் இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள்.