காத்தாடிக்கு வயதாகிறது

ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். மலையோரத்தில் குற்றாலச் சாரலாக உதிரும் அதே காற்று, ஈரம் குறைந்து கிழக்கே போய், சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் பக்கத்து மானாவாரி நிலங்களில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அருவிக்குச் சீசன் என்றால் காத்தாடிக்கும் சீசன்தான். குளிக்க வருகிறவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஒரு காற்றாலையின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டு. தொண்ணூறுகளில் நட்டவை அந்த வயதைத் தாண்டிவிட்டன.

காத்தாடி புகை விடாது என்பது உண்மை. ஆனால் தூணுக்கு இரும்பு உருக்க வேண்டும், அஸ்திவாரத்துக்கு சிமெண்ட் சுட வேண்டும், இறக்கையை லாரியில் கொண்டுவர வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இந்தப் புகையையெல்லாம் கூட்டி, அது வாழ்நாளில் தரும் யூனிட்டுகளால் வகுப்பதுதான் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2014-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு யூனிட்டுக்குச் சுமார் 11 கிராம் கார்பன் டை ஆக்சைடு, நிலக்கரிக்கு 820. ஆக, காற்றாலை நல்லதா என்பதில் சண்டையே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிலக்கரி ஓடும் நாளெல்லாம் அழுக்காக்கும். காற்றாலையின் அழுக்கில் பெரும்பங்கு பிறக்கும்போதே முடிந்துவிடுகிறது. அப்படியானால் எவ்வளவு காலம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு லாபம். ஓடும் இயந்திரத்தை ஏன் இறக்க வேண்டும்?

இறக்கவும் நியாயம் இருக்கிறது. முதலில் வந்தவர்கள் நல்ல காற்றுள்ள இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே இன்னும் 225 கிலோவாட் காத்தாடிகள் சுற்றுகின்றன. சுழலும் வட்டத்தின் விட்டமே 27 மீட்டர்தான். இன்றைய இரண்டு மெகாவாட் இயந்திரத்துக்கு ஒரு இறக்கையே 50 மீட்டரைத் தாண்டும். திறனில் அது ஒன்பது பழைய காத்தாடிகளுக்குச் சமம். உயரம் கூடக் கூடக் காற்றும் வேகமெடுக்கும். வேகம் பத்து சதவீதம் கூடினால் காற்றில் கிடைக்கும் ஆற்றல் 33 சதவீதம் கூடும். கியர்பாக்ஸ் போய், உதிரிபாகமும் கிடைக்காமல் நிற்கும் இயந்திரத்தைக் கட்டிக் காப்பதில் அர்த்தமில்லை. நல்ல நிலையில் ஓடுவதை வயதுக்காக மட்டும் இறக்குவதும் சரியல்ல என்பது என் கட்சி. தமிழக அரசின் 2024-ம் ஆண்டுக் கொள்கை இரண்டு வழியையும் திறந்துவைக்கிறது: புதிதாக மாற்றலாம், புதுப்பித்து ஆயுளை நீட்டலாம்.

இறக்கிய பிறகு? எடையில் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கவலையில்லை. தூண் இரும்பு உலைக்குப் போகும், ஜெனரேட்டரின் செம்புக்கு வியாபாரிகள் போட்டி போடுவார்கள். இறக்கைதான் வம்பு. கண்ணாடி நாரைப் பிசினில் தோய்த்து இறுக வைத்தது அது, உருக்கவே முடியாது. வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியுமா? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் ஊர்க் குப்பைமேட்டில் இறக்கைகளை அறுத்து வரிசையாகப் புதைத்தார்கள். ராட்டர்டாமில் சிறுவர் பூங்காவின் விளையாட்டுக் குழாய்களாக்கினார்கள்; எத்தனை பூங்காதான் கட்டுவது? ஜெர்மனி இறக்கையைத் துண்டாக்கிச் சிமெண்ட் சூளையில் போடுகிறது. பிசின் எரிபொருளாகும், கண்ணாடி நார் சிமெண்டோடு சேரும். தென்காசிக்குப் பக்கத்தில், திருநெல்வேலி சங்கர் நகரிலேயே சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஆனால் இறக்கையை அறுக்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு நுரையீரலுக்கு ஆகாது; தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு செய்ய வேண்டிய வேலை. மண்ணுக்குள் கிடக்கும் கான்கிரீட்டை யார் செலவில் தோண்டுவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

2021-ல் சீமென்ஸ் கமேசா நிறுவனம், மிதமான அமிலத்தில் பிசினைக் கரைத்து நாரைப் பிரித்தெடுக்கக் கூடிய இறக்கையை அறிமுகப்படுத்தியது. பழைய 225 கிலோவாட் காத்தாடிகளுக்கு அது பயன்படாது. இனி நடப்போகிறவற்றுக்குப் பயன்படும். அவை இறங்க 2045-க்கு மேல் ஆகும். பிசின் என்னவென்று ஆர்டர் கொடுக்கும் இன்றைக்கே கேட்டால்தான் உண்டு.