தறியைக் கைவிடாமல் இடுப்பு வலியை வெல்வோம்

ஆரணிப் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர்களுள் தேவிகாபுரமும் ஒன்று. அங்கே குழித்தறியில் கால்களை இறக்கி, மிதிகளை மாறி மாறி மிதித்து, முன்சாய்ந்தபடியே நாள் முழுவதும் நெய்பவர்களின் முதுகுத் தசைகள் ஓய்வின்றி உடலைத் தாங்கிச் சோர்ந்து இறுகிவிடுகின்றன. இடுப்பு வலியோடு வரும் நெசவாளர்கள் "இனித் தறியில் உட்காரலாமா?" என்றே கேட்கின்றனர். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும் என்பதை நாங்கள் அறிவோம். பெரும்பாலோர்க்கு எங்கள் விடை, "உட்காரலாம், ஆனால் முறையோடு" என்பதே.

3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்கிறோம். பெரும்பாலும் இதற்கு எலும்பு முறிவோ கட்டியோ காரணமன்று. வலிக்கு அஞ்சிப் படுத்தே இருந்தால் தசைகள் மேலும் வலுவிழக்கும், வலியும் வளரும்.

2020-இல் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் துன்புற்றனர். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய தெளிவையும் பரிந்துரைக்கிறது. பலர் விரும்பிக் கேட்கும் இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் அது வழக்கமான மருத்துவமாக ஏற்கவில்லை.

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் நாங்கள் கற்பிக்கும் சில எளிய பயிற்சிகள்:

• மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றை மெல்ல இறுக்கி, இடுப்பைத் தரையோடு படியச் செய்யுங்கள். 5 நொடிகள் நிறுத்தித் தளர்த்துங்கள். 10 முறை செய்யலாம்.

• அதே நிலையில் பாதங்களை ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள்.

• அரைமணிக்கு ஒருமுறை குழியை விட்டு எழுந்து நின்று, கைகளை இடுப்பில் வைத்து, மெதுவாகப் பின்னோக்கி வளையுங்கள். வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

• நாள்தோறும் நடவுங்கள். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

தொடக்கத்தில் சிறிது வலி தோன்றுவது இயல்பு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் நிறுத்திவிட வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: "அசையாதே, படுத்திரு" என்று தடுக்காமல், உடன் நடந்து ஊக்கமளியுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்படாமை, தொடை இடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றையும் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.